சாக்கடையில் கிடந்த சிவப்பு மாத்திரைகள்

எங்கள் கருமத்தம்பட்டி வீதிக்கு வந்துபோன கிராம சுகாதார செவிலியர் ஒல்லியானவர், நெற்றியில் தையல் தழும்பு உண்டு. கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கியதும், நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வார். சுகாதாரத் துறையில் முப்பது வருடம் கோப்பு பார்த்தவன் நான். அப்படியொரு விதி கிடையாது.

ஒருநாள் எதிர்வீட்டு வாசலில், அந்த வீட்டுப் பெண்ணின் ஏழு மாத வயிற்றை டேப்பால் அளந்தவர் முகம் சுருங்கியது. குழந்தை வளரவில்லை.

"அம்மணி, நான் குடுத்துட்டுப் போற மாத்திரையெல்லாம் எங்க போகுது?"

அந்தப் பெண் சாக்கடையைப் பார்த்தாள். சிவப்பு மாத்திரைகள் ஊறிக் கிடந்தன.

"நாந்தான் வீசுனேன். கொழந்தை பெருத்துப்போச்சுன்னா வயித்தக் கிழிக்கோணும்" என்ற தறிக்காரக் கணவன், காட்டிக்கொடுத்ததற்காக அவளை அறைந்தான். மறுபடி கை ஓங்குவதற்குள், செவிலியர் கையிலிருந்த எடை மெஷினை அவன் முழங்காலில் இறக்கினார். அவன் சாக்கடையில் குப்புற விழுந்தான். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது.

"பயப்படாதீங்க. பிரசவத்துல இதைவிட நெறையப் போகும். உங்க சம்சாரத்துக்கு ஒடம்புல அவ்வளவு ரத்தம் இல்லீங்க" என்றார்.

அந்தப் பெண் தானாகவே ஒரு மாத்திரையை விழுங்கி, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

செவிலியர் மேல் அவன் புகார் கொடுத்தான். வீட்டாரைத் தவிர ஒரே சாட்சி நான்; சாட்சி இல்லாத புகார் நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். 'கால் இடறி விழுந்தான்' என்று எழுதிக் கொடுத்தேன். ஆனாலும் செவிலியரை மாற்றிவிட்டார்கள். விசாரித்தால், அடித்ததாக அவரே எழுதிக் கொடுத்திருந்தார்.

"ஏனுங்க இப்படி?" என்றேன்.

"அடிச்சேன்னு எழுதுனாத்தானுங்க, எதுக்கு அடிச்சேன்னு எழுத முடியும்!"

முப்பது வருடத்தில் அப்படியொரு கோப்பு என் மேஜைக்கு வந்ததில்லை.