மேல்வீட்டுக்கு வந்த பதிவுத் தபால்

நான் முதன்முதலாகச் சண்டைக்குப் போன ஆள் எங்கள் ஒழுங்கைத் தபால்காரர். எனக்கு அப்போது பத்து வயது. அவர் அப்பாவைவிட மூத்தவர். நான் அவரிடம் பேசியதில் பாதி பிழை என்று பத்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஆனாலும் சண்டை பிடித்ததற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர் இருந்தார். எங்களுக்கு வரும் கடிதங்கள் மழை நாளில் கேற்றுக்குக் கீழே நனைந்து கிடக்கும். வெயில் நாளில் மதிலின் மேல் ஒரு கல்லுக்கு அடியில் இருக்கும். பக்கத்து ஒழுங்கைக்காரரின் தண்ணீர் பில் எங்களுக்கு வந்தது. மாமாவின் மகளுடைய கலியாண அழைப்பிதழோ, பொம்பிளையும் மாப்பிள்ளையும் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வந்தது. அம்மா அதை விரித்துப் பார்த்துவிட்டு, "முகூர்த்த நேரம் எல்லாம் வடிவாப் போட்டிருக்கினம்" என்றார்.

அப்பா இதையெல்லாம் பெரிதாக எடுக்கமாட்டார். புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் வேலை. காலையில் தலையைக் குனிந்துகொண்டு போவார், மாலையில் தலையைக் குனிந்துகொண்டு வருவார். "வாறது வரும், விடு" என்பதுதான் தபாலைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் அவருடைய கருத்து.

அண்ணாவுக்கு வர வேண்டிய கடிதம் வராமல் போனபோது அம்மாவால் அப்படி விட முடியவில்லை.

அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது. அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். போர் நடந்துகொண்டிருந்த அந்த வருடங்களில் அந்த வயதும் அந்த விலாசமும் ஒரே அட்டையில் இருந்தால் கொழும்பு வீதியில் நடப்பது லேசில்லை. "கொழும்புக்கு என்னத்துக்கு வந்தாய், எங்கே இருக்கிறாய்?" என்று மறிப்பார்கள். வாயால் சொல்கிற பதில் போதாது, கடதாசி வேண்டும். அண்ணாவை இரண்டு தரம் மறித்தார்கள். இரண்டாம் தரம் பொலிசுக்குக் கொண்டுபோய், பின்னேரம்வரை ஒரு மர வாங்கில் இருத்தி வைத்தார்கள். அதன் பிறகு அம்மா அவனை வாசற்படி தாண்ட விடவில்லை. ஒரு படிப்பு நிலையத்தில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த அனுமதிக் கடிதம் வந்தால் மாணவர் அட்டை எடுக்கலாம், வெளியே போகலாம். வராவிட்டால் வீட்டுக்குள் இருந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டு என்னோடு றிமோட்டுக்கு அடிபடலாம். மூன்று கிழமையாக அடிபட்டோம். வகுப்போ வருகிற திங்கள் தொடங்குகிறது. அம்மா போன் எடுத்துக் கேட்டபோது, பதிவுத் தபாலில் எப்போதோ அனுப்பியாயிற்று என்றார்கள்.

அம்மா போனை வைத்தார். சேலையை இடுப்பில் செருகினார். "பிள்ளை, வா கீழ" என்றார். அம்மாவுக்குச் சிங்களம் வராது. கடைக்காரரோடும் கந்தோர்க்காரரோடும் எங்கள் வீட்டின் வாய் நான்தான்.

பதினொரு மணிபோல் சைக்கிள் மணி கேட்டது. கேற்றடியில் இருவரும் வழியை மறித்துக்கொண்டு நின்றோம். "ரெண்டு வருசமா இஞ்ச இருக்கிறம், எங்கட கடிதத்தை எங்க கொண்டுபோய்ப் போடுறார் எண்டு கேள்" என்றார் அம்மா. நான் அதைச் சிங்களத்தில் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல், கடலில் போடுகிறீர்களா, அதற்குத்தான் அரசாங்கம் சைக்கிள் தந்திருக்கிறதா என்றும் கேட்டேன். அம்மா சொல்லாததை நானாகச் சேர்த்தது அது முதல் தடவை அல்ல.

தபால்காரர் கோபிக்கவில்லை. சைக்கிளை மதிலில் சாத்தினார். "துவ, அண்ணாவின் பதிவுக் கடிதத்தோடு நான் இரண்டு தரம் வந்தேன்" என்றார் சிங்களத்தில், மகளைக் கூப்பிடுவதுபோல். பிறகு கீழ்வீட்டு யன்னலைக் கையால் காட்டினார். "ஐயா சொன்னார், மெஹே எஹெம கெனெக் நே என்று."

அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை. இதைத் தமிழில் அம்மாவிடம் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. சொன்னேன்.

கேற்றைப் பார், இலக்கமும் இல்லை, பெயரும் இல்லை, நான் யாரை நம்புகிறது என்று தபால்காரர் கேட்டார். அதுவும் சரிதான். வீட்டுக்காரரின் பெயர்ப் பலகை இருந்த இடத்தில் நான்கு துளைகள் மட்டும் இருந்தன. எங்கள் ஒழுங்கையில் அந்த வருடம் இப்படித் துளை மட்டும் மிஞ்சிய தமிழ் வீட்டுக் கேற்றுகள் ஏழு இருந்தன. நான் எண்ணியிருக்கிறேன். எல்லாரும் பெயின்ற் அடிக்கப்போகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

கடிதம் தபால் கந்தோரில்தான் இருக்கிறது, இன்றைக்கு எடுக்காவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும் என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறினார். மன்னிப்புக் கேட்கச் சொல்லி அம்மா என்னை இடித்தார். எனக்குக் கேட்கவில்லை என்பதுபோல் நின்றேன்.

வீட்டுக்காரர் யன்னலை விட்டு வெளியே அம்மாவிடம் வந்தார். கெட்ட மனுசன் இல்லை, பெருநாளைக்குப் பலகாரம் அனுப்புகிறவர். "பிள்ளை, பொடியன்ர பேரில பதிவு முத்திரை குத்தின கடிதம் வந்தா நான் என்னண்டு நினைக்கிறது? ஏதும் விசாரணையாக்கும் எண்டு பயந்துபோனன். உங்கட பிள்ளையைக் காப்பாத்தத்தான் இல்லையெண்டனான்."

"எங்களிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் ஐயா" என்றார் அம்மா.

"சொன்னா நீங்களும் பயப்பிடுவியள்."

அம்மாவின் முகம் சிவந்ததைப் பார்த்தேன். இல்லையென்று சொல்லப்பட்டது அவர் பெற்ற பிள்ளை.

பதிவுத் தபாலைப் பெயருக்குரியவர்தான் கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும். மேலே போய் அண்ணாவின் கையைப் பிடித்து எழுப்பினார் அம்மா. சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் ஆறடி அண்ணா. "கதைச்சுக்கொண்டே வாங்கோ" என்றார் அம்மா. ஒருவருக்கும் ஒரு கதையும் வராததால் அம்மா தேங்காய் விலையைப் பற்றியே போகவரப் பேசினார். ஒருவரும் மறிக்கவில்லை. அண்ணா கையெழுத்துப் போட்டபோது பேனை இரண்டு தரம் வழுக்கியது. நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன், ஒன்றும் விளங்காத சரியான விசரி நான்.

திரும்பி வரும் வழியில் அம்மா ஹாட்வெயார் கடையில் ஒரு பலகைத் துண்டும் கறுப்புப் பெயின்றும் வாங்கினார். வீட்டு இலக்கத்தையும் எங்கள் நால்வரின் முழுப் பெயர்களையும் மூன்று மொழியிலும் என்னைக்கொண்டு எழுதுவித்தார். பின்னேரமே கேற்றில் ஏற்றினார். வீட்டுக்காரர் கும்பிடாத குறையாகக் கேட்டார், "ஏன் பிள்ளை உந்த வில்லங்கம்?"

"தபால்காரருக்கு வீடு தெரிய வேணும் ஐயா."

வேலையால் வந்த அப்பா கேற்றடியில் நின்று பலகையை வாசித்தார். மூன்று மொழியிலும் வாசித்தார்போலும், அவ்வளவு நேரம் நின்றார். "ஊர் எல்லாம் கழட்டுது, நீ மாட்டுறாய்" என்றார். அம்மா தேத்தண்ணி வைக்கப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிறு காலை, பொலிசும் ஆமியும் ஒழுங்கையைச் சோதிக்க வந்தார்கள். எங்கள் கேற்றில் நின்று ஒருவர் பெயர்களை உரக்க வாசித்தார். நான் மேல்மாடிக் கம்பியில் தொங்கிக்கொண்டு, "ஒவ், அபி தமயி" என்றேன். நாங்கள்தான். என் எழுத்தை ஒரு பெரிய மனிதர் பிழையில்லாமல் வாசித்துவிட்டாரே என்று எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. அம்மாவின் கை என் சட்டையைப் பின்னால் இறுக்கிப் பிடித்தது. விழுந்துவிடுவேன் என்று பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

மேலே வந்தார்கள். அண்ணா கடிதத்தையும் புது மாணவர் அட்டையையும் நீட்டினான். இரண்டையும் முன்னும் பின்னும் பார்த்தார்கள். திருப்பித் தந்தார்கள். படியிறங்கிப் போனார்கள்.

அப்பா ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துக்கொண்டு கீழே போனார். அம்மா அவருக்கு முன்னால் போய்க் கேற்றில் முதுகை வைத்து நின்றார்.

"தள்ளு. அந்தப் பலகையைப் பாத்துத்தான் முதல்ல எங்கட வீட்டை வந்தவங்கள்."

"வரட்டும். நாங்கள் இஞ்ச இருக்கிறம் எண்டு தெரிஞ்சுகொண்டு போகட்டும். ஒரு ஆணியையும் தொடாதேங்கோ."

அப்பா பலகைக்குக் கையை நீட்டினார். எனக்கு அப்பாமேல் பொல்லாத கோபம் வந்தது. இருவருக்கும் நடுவில் போய் நின்று, "அம்மா சொல்லுறதுதான் சரி, பலகை இல்லாட்டித் தபால்காரர் எப்பிடி வருவார்?" என்று கத்தினேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு முடியுமுன் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். என் கெட்டித்தனத்தை மெச்சித்தான் அப்படிச் செய்கிறார் என்று, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.