இருநூற்றில் நின்ற சிலிண்டர்

பஞ்சு சுற்றிய குச்சியைச் சிலிண்டரின் கழுத்துக்குள் விட்டு, முதல் மரையிலிருந்து கடைசி மரை வரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே போயின அந்தக் கைகள். மரையில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் பஞ்சின் நூல் அதில் மாட்டும். மாட்டவில்லை. குச்சியை எடுத்துவிட்டு, கம்பியில் கட்டிய சின்ன விளக்கை உள்ளே இறக்கின. உட்சுவர் சுத்தமாக இருந்தது. உப்புப் பூக்கவில்லை, ஈரத் தடம் இல்லை. பிறகு வெளிப்பக்கம் வந்தன. தோள்பட்டையில் குத்தியிருந்த எண்களின் பள்ளமெல்லாம் சிவப்பு வண்ணம் நிரம்பி, கண்ணாடிபோல் இறுகிக் கிடந்தது. கட்டைவிரல் நகம் சுரண்டிப் பார்த்தது. வண்ணம் அசையவில்லை. கைகள் அங்கேயே நின்றன.

"இது ஓவன்ல வெச்சு அடிச்ச கலரு," என்றாள் அவள்.

எதிரே நின்ற லாரிக்காரர் பெருமையாகச் சிரித்தார். "கார் பெயின்ட் கடையில குடுத்தேன் அக்கா. எம் பொண்ணு பாப்பாவுக்கு நாளைக்கு முதல் டைவு. சிவப்புதான் வேணும்னா. உரியவே கூடாதுடான்னு சொன்னேன். ரெண்டு தடவை வேகவெச்சுக் குடுத்திருக்கான்."

"ரெண்டு தடவையா?"

"தடவைக்கு ஒன்றரை மணி நேரம். எப்படிப் பளபளக்குது பாருங்க."

"அப்ப இதுல காத்து அடிக்க முடியாதுண்ணே."

ஊரில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. காத்தக்கா என்றால் தெரியும். படகுத்துறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு கம்ப்ரஸர், நான்கு பெரிய சேமிப்புக் குடுவைகள், நிரப்பும்போது சிலிண்டரை உள்ளே வைத்துச் சாத்த ஓர் இரும்புக் கூண்டு. வார விடுமுறைக்கு ஆசையாகக் கடலுக்குள் இறங்குகிறவர்கள் முதுகில் கட்டிக்கொள்ளும் சிலிண்டரில் காற்றடைப்பதும், அந்தச் சிலிண்டர் காற்றைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்வதும் அவள் வேலை. லாரிக்காரர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"போன வருஷம்தானே டெஸ்ட் ஆச்சு? தேதி குத்தியிருக்கே," என்றார்.

"தேதி போட்டது அடுப்புக்குப் போறதுக்கு முன்னாலண்ணே. இது அலுமினியம். கம்பெனியில பதமா சூடு காட்டித்தான் இதுக்கு உறுதி ஏத்துறாங்க. நீங்க மறுபடி வேகவெச்சீங்கன்னா அந்த உறுதி போயிடும். பார்த்தா தெரியாது. தட்டினாலும் தெரியாது."

மூலையில் அவளுடைய கொழுந்தன் ஒரு டைவிங் ஜாக்கெட்டின் கொக்கியைத் தைத்துக்கொண்டிருந்தான். இறங்குகிறவர்களுக்குக் கடலுக்குள் வழிகாட்டியாகப் போகிறவன் அவன்தான். கொட்டகையும் அவன் பெயரில்தான் இருந்தது. தலையைத் தூக்காமலே சொன்னான்: "உள்ள சுத்தமா இருக்குன்னு நீங்களே பார்த்தீங்க அண்ணி. மரையும் சரி, தேதியும் சரி. அப்புறம் என்ன? எதைப் பார்த்தாலும் பயமா?"

"ஆமா. பயம்தான்."

அந்தப் பயத்துக்கு ஒன்பது வயது. அப்போது அவள் கணவன் வேறொருவரின் கொட்டகையில் காற்றடைத்துக்கொண்டிருந்தான். அவள் அங்கேயே சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். படகு எஞ்சினில் தீப்பிடித்தபோது பக்கத்தில் கிடந்த ஒரு சிலிண்டரை, கரியைத் துடைத்து மெருகேற்றி யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். தேதி சரியாக இருந்தது. அழுத்தமானியின் முள் நூற்றுத் தொண்ணூற்றைத் தொட்டபோது அது வெடித்தது. கூரைத் தகரம் பக்கத்துத் தெருவில் போய் விழுந்தது. செங்கல் சுவர் சரிந்தது. புழுதி அடங்கியபோது அவள் முதலில் கண்டது அவனுடைய செருப்பை. செருப்புக்குள் கால் இருந்தது. மற்றதைத் தேடி எடுக்க நெடுநேரமானது. காது ஒன்று அன்றோடு அவளுக்குக் கேட்காமல் போயிற்று.

மூன்று மாதம் கழித்து அவள் அந்தக் கொட்டகைக்காரரிடம் போய்க் கேட்டது கிழிந்த அந்த உலோகத் துண்டுகளை. நஷ்ட ஈட்டைக் கேட்பாள் என்று எதிர்பார்த்தவர்கள் விநோதமாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். பழைய இரும்புக் கடைகளில் உதவாதென்று கழித்த சிலிண்டர்களை எடைக்கு வாங்கி, ரம்பத்தால் நெடுக்காக அறுத்துப் பார்த்தாள். எங்கே கனம், எங்கே மெலிவு, விரிசல் எங்கிருந்து கிளம்புகிறது என்று நோட்டில் வரைந்துவைத்தாள். கம்பெனிக் கையேடுகளை அகராதி வைத்துக்கொண்டு படித்தாள். பரிசோதகர் தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினாள்.

கடலுக்குள் இறங்கவும் கற்றுக்கொண்டாள். "காத்தை விக்கிறவ அதைக் கொஞ்சம் சாப்பிட்டும் பார்க்கணும்ல?" என்பாள். அடியில் எல்லாம் அழகு என்று படம் பிடித்து வருகிறவர்களைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். அவள் பார்த்தது வேறு. பாறை இடுக்கிலிருந்து அஞ்சாலை என்னும் கடல் விலாங்கு பாம்புபோல் நெளிந்து வந்து, எட்டுக் கைகள் கொண்ட பேய்க்கணவாய் ஒன்றின் கையைக் கவ்வும். தன் உடம்பையே முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை உந்தித் தள்ளி, கையை வேரோடு பிய்த்தெடுக்கும். மீதி ஏழு கையோடு அது மை கக்கி ஓடும். பிய்ந்த கை அஞ்சாலையின் வாயில் இன்னும் நெளிந்துகொண்டிருக்கும். இதை அவள் அரை மணி நேரம் அசையாமல் பார்த்திருக்கிறாள்.

லாரிக்காரரோடும் ஒருமுறை இறங்கினாள். பதினெட்டு மீட்டரில் ஒரு கிளாத்தி மீன் மணலில் குழி பறித்து முட்டையிட்டிருந்தது. கிளாத்தி தன் குழிக்கு நேர் மேலே உள்ள தண்ணீர் முழுவதும் தன்னுடையது என்று நினைக்கும். அதனிடமிருந்து பக்கவாட்டில் விலக வேண்டும். மேலே போனால் துரத்தும். படகிலேயே சொல்லித்தான் இறக்கினார்கள். லாரிக்காரர் மேலே போனார். அது அவருடைய காது மடலைக் கடித்துத் துண்டாக எடுத்துக்கொண்டு போயிற்று. ஆழத்தில் ரத்தம் பச்சையாகத் தெரியும். அதைப் பார்த்ததும் மனிதர் நிலை குலைந்தார். தன் வாயில் இருந்த காற்றுக்குழாயைத் துப்பிவிட்டு அவள் வாயில் இருந்ததைப் பிடுங்கினார். உதைத்த உதையில் அவளுடைய முகக் கண்ணாடி கழன்றது. கண் தெரியாமலே அவள் தன் ஜாக்கெட்டில் இருந்த மஞ்சள் உபரிக் குழாயைத் தடவி எடுத்து மூச்சு வாங்கினாள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய முயன்றார். அப்படிப் பாய்ந்தால் நுரையீரலுக்குள் காற்று விரிந்து கிழித்துவிடும். அவள் அவருடைய வாரைப் பிடித்து இழுத்து, வயிற்றில் ஓங்கிக் குத்தினாள். குமிழிகள் வெளியே வந்தன. நிற்கவும் இன்னொரு குத்து. அப்படிக் குத்திக் குத்தியே மேலே கொண்டுவந்தாள்.

"காத்தக்கா என்னை அடிச்சே பொழைக்கவெச்சாங்க," என்று அவர் போகிற இடமெல்லாம் சொல்வார். அந்த மனிதர்தான் இப்போது பெஞ்சில் உட்கார்ந்து சிவப்புச் சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்க்காமல் கொழுந்தனைப் பார்த்தார்.

"படகுக்குப் போக வேண்டிய சிலிண்டர் ஆறு இருக்கு. குடுத்துட்டு வரேன்," என்று அவள் தள்ளுவண்டியை எடுத்தாள். "அதைத் தொடாதே. சொல்லிட்டேன்."

திரும்பி வரும்போது கேட்கிற காதில் அந்த இரைச்சல் விழுந்தது. குழாய்க்குள் காற்று பாயும் சத்தம். வண்டியை நடுப்பாதையில் விட்டுவிட்டு ஓடினாள். கூண்டுக் கதவு திறந்திருந்தது. கொழுந்தன் காதில் மூடி மாட்டிக்கொண்டு, ஒரு கை குடுவையின் வால்விலும் மறு கை சிவப்புச் சிலிண்டரின் மேலும் வைத்து நின்றான். காற்று அடைக்கையில் சிலிண்டர் சூடாகும். எவ்வளவு சூடு என்று உள்ளங்கையால் பார்ப்பது அவன் பழக்கம். லாரிக்காரர் பெஞ்சில் கால்மேல் கால் போட்டிருந்தார். முள் நூற்று எழுபதில் இருந்தது.

அவள் அவன் காது மூடியைப் பிடுங்கி எறிந்தாள். "மூடு."

"இருநூறுக்கு இன்னும் முப்பதுதான் அண்ணி."

"மூடுடா."

சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் முழங்கையை வீசினான். அவள் உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். அவன் வேண்டுமென்றே வால்வை இன்னும் கொஞ்சம் திறந்தான். முள் நூற்று எண்பதைத் தாண்டியது. அவள் சுவரில் மாட்டியிருந்த பெரிய ஸ்பேனரை எடுத்து, வால்வைப் பிடித்திருந்த மணிக்கட்டின் மேல் அடித்தாள். காற்றின் இரைச்சலையும் மீறி எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அவன் கீழே சரிந்தான். அவள் வால்வை மூடி, கூண்டுக் கதவை உதைத்துச் சாத்தி, வெளியேற்றும் குழாயைத் திறந்தாள். கொட்டகை முழுக்க அலறியது.

லாரிக்காரர் பின்னாலிருந்து அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார். "உனக்குப் பைத்தியமா? சொந்தக் கொழுந்தன் கையை உடைச்சுட்டியே." இரண்டாவது முறை மோதும்போது அவள் ஸ்பேனரை அவருடைய கால் பெருவிரல்மேல் போட்டாள். அவர் கழுத்தை விட்டுவிட்டு ஒற்றைக் காலில் குதித்தார்.

"அதுல காத்து இறங்குறவரைக்கும் வெளிய நில்லுங்க ரெண்டு பேரும்," என்றாள் ரத்தத்தைத் துப்பிவிட்டு.

வெளியே கொழுந்தன் சுவரில் சாய்ந்து வலியில் வாந்தி எடுத்தான். அவள் இரண்டு மரச்சட்டங்களை வைத்து ரப்பர் குழாயால் அவன் கையைக் கட்டினாள். கட்டும்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "டெஸ்ட் போடுங்க. இப்பவே. டெஸ்ட் அழுத்தம் முந்நூத்தி முப்பதுல அது நின்னுச்சுன்னா, நாளையிலிருந்து இந்தக் கொட்டகைக்குள்ள நீங்க கால் வைக்கக் கூடாது. அண்ணிங்கிற உறவும் வேண்டாம்."

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ."

"பார்த்துட்டுத்தான் போவேன்."

அவள் கட்டின் கடைசி முடிச்சை இறுக்கினாள். "சரி," என்றாள்.

சோதனை தண்ணீரில் நடக்கும். காற்று அமுங்கிக் கிடந்து ஒரே வீச்சில் விரியும். தண்ணீர் அப்படி விரியாது. சிலிண்டர் கிழிந்தாலும் கிழிந்த இடத்தோடு நிற்கும். அவள் வால்வைக் கழற்றி, சிலிண்டரைத் தண்ணீரால் நிரப்பி, சங்கிலியில் கட்டித் தடித்த இரும்புத் தொட்டிக்குள் இறக்கினாள். மூடியைத் திருகினாள். கைப் பம்பின் நீண்ட பிடியை அழுத்தத் தொடங்கினாள். நூறு. நூற்று ஐம்பது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் கழுத்து வலித்தது. லாரிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கிய விரலோடு முள்ளுக்கு நேராக நின்றார்.

இருநூறு.

"நிக்குது," என்றார் அவர். "நான் கேட்டதே இருநூறுதானே."

அவள் பிடியை மறுபடி அழுத்தினாள். இருநூற்று இருபது. இருநூற்று நாற்பது. முள் அசையாமல் நின்றது. கொழுந்தனின் முகத்தில் வலிக்கு நடுவே ஒரு சிரிப்பு வந்தது. "கையைத் தயாரா வெச்சுக்கங்க அண்ணி. அடுத்தது உங்க கைதான்."

இருநூற்று ஐம்பது. பம்பின் பிடி இளகியது. அழுத்தினாள்; முள் ஏறவில்லை. இன்னும் இரண்டு முறை அழுத்தினாள். உலோகம் உள்ளே வீங்கிக்கொண்டிருந்தது. தொட்டிக்குள் யாரோ முதுகில் குத்தியதுபோல் ஒரு சத்தம். காலடித் தரை அதிர்ந்தது. முள் பூச்சியத்தில் விழுந்தது.

அவள் சங்கிலியை இழுத்துச் சிலிண்டரை மேலே கொண்டுவந்தாள். பக்கவாட்டில் இரண்டு சாண் நீளத்துக்குக் கிழிந்து, விளிம்புகள் வெளிப்பக்கம் மடங்கியிருந்தன. உள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. மடங்கிய விளிம்பு வரை சிவப்பு வண்ணம் உரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கலர் மட்டும் நல்லாத்தான் அடிச்சிருக்கான்," என்றாள்.

கொழுந்தன் எழுந்து வந்து இடது கையால் விளிம்பைத் தடவினான். விரல் அறுபட்டு ரத்தம் வந்தது. அதைக் கவனிக்காமல் கேட்டான்: "அண்ணனுக்கும் இப்படித்தான் ஆச்சா?"

"அண்ணனுக்குக் காத்து. இது தண்ணி."

லாரிக்காரர் இன்னும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா இருநூறுல நின்னுதே அக்கா. நாளைக்கு ஒண்ணும் ஆயிருக்காதே."

"ஆயிருக்காதுன்னுதான் நானும் நினைக்கிறேன்."

கொழுந்தன் சட்டென்று திரும்பினான். "அப்ப என் கையை எதுக்கு உடைச்சீங்க?"

"இது இருநூத்தி அம்பதுல கிழியும்னு இப்பத்தாண்டா எனக்குத் தெரியும். அப்ப எனக்குத் தெரிஞ்சது உன் உள்ளங்கை அது மேல இருந்தது மட்டும்தான்." அவள் லாரிக்காரர் பக்கம் திரும்பினாள். "ஒவ்வொரு தடவை அடைக்கும்போதும் அது கொஞ்சம் தளரும்ணே. நாளைக்குத் தாங்கும். அடுத்த வாரம் உங்க வண்டிக்குப் பின்னால வெயில்ல கிடக்கும். பாப்பா அதைத் தூக்கி முதுகுல மாட்டும். எந்தத் தடவைன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா அதுக்கு முந்தின தடவை வரைக்கும் நானே அடைச்சுக் குடுத்திருப்பேன்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். கடிபட்ட காதை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பாப்பா என்ன மாட்டிக்கிட்டு இறங்கும் நாளைக்கு?" என்று கேட்டார்.

"என்னோடதை மாட்டிக்கட்டும். கூட்டிட்டுப் போறதுக்குத்தான் ஆள் இல்ல." கொழுந்தனின் கையைத் தாடையால் காட்டினாள். "ஆறு வாரம் ஆகும் இது சேர."

"நீங்க போங்க," என்றான் அவன் தரையைப் பார்த்தபடி. "கொட்டகையைப் பூட்டிட்டு நீங்க கூட்டிட்டுப் போங்க அண்ணி."

சோதனையில் தேறாத சிலிண்டர் உடைமைக்காரருக்கே சேரும். ஆனால் இனி ஒருவரும் அதை நிரப்ப முடியாதபடிதான் அது கையைவிட்டுப் போக வேண்டும். இது கிழிந்தே போயிருந்தது. ஆனாலும் அவள் உளியையும் சுத்தியலையும் எடுத்தாள். தோள்பட்டையில் இருந்த எண்களின் மேல், வண்ணத்தையும் உலோகத்தையும் சேர்த்து வெட்டி, ஒவ்வொன்றாக அடித்தாள். வரிசை எண், அழுத்தம், கடைசியாகத் தேதி. கழுத்தில் ஏறிய வலியோடு ஒரு எண்ணையும் விடாமல் அடித்து முடித்தாள். சீட்டில் இருநூற்று ஐம்பது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கம்பியால் கழுத்தில் கட்டினாள்.

"உங்க பொருள்ணே," என்றாள். "போற வழியில இவனை ஆஸ்பத்திரியில இறக்கிவிடுங்க."

லாரிக்காரர் எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினார். விளிம்பு அறுக்காமல் இருக்க, கிழிந்த பக்கம் மேலே இருக்கும்படி திருப்பி, அவள் அதை அவர் கைகளில் வைத்தாள்.