கபன் புடவை இல்லாத அலுமாரி

காலை ஒன்பது பத்துக்குப் புத்தளம் தில்லையடியில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது அலுமாரி. இரண்டு கதவுகளும் அகலத் திறந்திருந்தன. மேல்தட்டில் ஒன்றுமில்லை.

என்னோடு வந்தவர் நூதனசாலையொன்றின் அதிகாரி, சிலாபத்துப் பெண். கொரோனாக் காலத்தை ஒவ்வொரு சமூகமும் எப்படிக் கடந்தது என்று காட்டுவதற்குப் பொருட்கள் சேர்த்துக்கொண்டிருந்தார். கற்பிட்டி மீனவக் குடும்பமொன்று கொடுத்த, ஊரடங்கில் கடலுக்குப் போவதற்கான அனுமதிச் சீட்டு எங்கள் வான் வண்டியில் இருந்தது. இந்த வீட்டுக்கு அவர் வந்தது நான் எழுதிய பழைய செய்தியை நம்பி.

வீட்டுக்காரியின் கணவர் அந்த நோயில் ஆஸ்பத்திரியில் இறந்தவர். முஸ்லிம்களின் உடல்களையும் அடக்க விடாமல் எரித்த காலம் அது. உடல் கிடைக்கும் என்று நம்பி மனைவி வாங்கிய, உடலைச் சுற்றி அடக்கும் கபன் புடவை இன்னும் அலுமாரியில் இருக்கிறது என்று எழுதியிருந்தேன்.

"நல்லாப் பாருங்க தம்பி, இருக்கா?" என்றார் வீட்டுக்காரி.

"நீங்கதானே ராத்தா சொன்னீங்க."

"வாங்கி வெச்சன் எண்டுதான் சொன்னன். மிச்சத்த நீங்களே எழுதிட்டீங்க. பேப்பர்ல போட்டா துணி திரும்பி வந்துருமா?"

தொலைபேசியில் எடுத்த செய்தி அது. அலுமாரியை நான் பார்த்ததில்லை.

நடந்ததை அவர் சொன்னார். கடைகள் பூட்டிக் கிடந்த ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் இறந்தார். பரிசோதனையில் தொற்று இல்லை, அடக்கலாம் என்றார்கள். சுற்றுவதற்குத் துணி இல்லை. இவர் தன்னிடமிருந்ததை மதிலுக்கு மேலால் கொடுத்துவிட்டார்.

அதிகாரி படிவத்தைப் புரட்டினார். பொருள் இல்லாமல் பதிய முடியாது.

"அதே மாதிரி ஒண்டு வாங்கி வைக்கலாம் அன்டி. பார்க்கிற ஆக்களுக்கு விளங்கும்" என்றார்.

"அது யார்ட கபன் மகள்? கடைக்காரன்டயா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப எங்கட மனுசன்ட கதை வராதா? அவருக்கு அடக்கின கபுறும் இல்ல. இதுலயும் இல்லாட்டி?"

அவர் எழுந்து தையல் மெசினின் லாச்சியை இழுத்தார். உள்ளிருந்து மடித்த வெள்ளைத் துண்டொன்றை எடுத்தார்.

"எங்கட மனுசன் நல்ல உசரம். பக்கத்து வீட்டு நானா கட்டை. மிஞ்சினதக் கிழிச்சு அதே மதிலால தந்தாங்க. ஒண்டுக்கும் பாவிக்க மனம் வரல்ல."

அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு துண்டை மேசையில் விரித்து அளந்தார்.

"எங்கட மனுசன்ட உசரத்தையும் எழுதுங்க மகள்," என்றார் அவர். "அஞ்சடி பதினொண்டு."

அதிகாரி எழுதிக்கொண்டார்.

கண்காட்சி திறந்த வாரம் போய்ப் பார்த்தேன். துண்டு கண்ணாடிக்குள் இருந்தது. கீழே அட்டையில் மூன்று மொழிகளிலும் இவ்வளவுதான்: வெள்ளைப் பருத்தித் துணி, புத்தளம் மாவட்டம். நீளம் நாற்பத்தாறு சென்ரிமீற்றர்.