மாஸ்டர் படிக்காத நாவல்கள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்குக் கையும் காலும் எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும், பிழைப்பு என்னவோ வாயால்தான் நடக்கிறது. ஒரே டிரைவிங் ஸ்கூலில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டிய மாஸ்டருக்கு இது நன்றாகத் தெரியும். புதிதாக வருகிறவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பிடியைப் பார்த்தே, இவரை அதட்ட வேண்டுமா, சிரிக்க வைக்க வேண்டுமா, சும்மா விட்டுவிட வேண்டுமா என்று முடிவு செய்துவிடுவார். அவர் உட்காரும் பக்கத்து இருக்கையின் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. வாய் எதைப் பேசிக்கொண்டிருந்தாலும் கால் மட்டும் அதன் மேலேயே இருக்கும்.

மருந்துக்கடைக்காரம்மா அவரிடம் வந்தபோது அவளுக்கு வயது நாற்பத்தாறு. எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுகிறவள். அதுவரை கடைக்குச் சரக்கு எடுத்து வந்துகொண்டிருந்த மகன் வெளியூர் வேலைக்குப் போய்விட்டதால், இனி தானே ஓட்டியாக வேண்டும் என்று வந்து சேர்ந்தாள். ஐந்து வகுப்பு முடிந்தும் தேறவில்லை. சிக்னலில் பச்சை விழுந்ததும் கிளட்சை விடுவாள். வண்டி ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றுபோகும். பின்னால் ஹாரன் அலறும். அவளுக்கு வியர்த்துக் கொட்டும்.

ஆறாவது வகுப்பில் மாஸ்டர் தன் பழைய மருந்தை எடுத்தார்.

"மேடம், ரோட்டைப் பாருங்க. காது மட்டும் இங்க இருக்கட்டும். ஒரு ரயில்வே கேட். அதைத் திறந்து மூடுறதுக்கு ஒரு ஆளு. ரெண்டு பொண்ணுங்க. பெரியவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு..."

"சொந்தக்காரங்களா மாஸ்டர்?"

"நாவல் மேடம். சமீபத்துல படிச்சது. கியரை மாத்துங்க."

மூன்று சிக்னல் தாண்டி ரவுண்டானாவையும் சுற்றி வந்த பிறகுதான், வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

இதில் ஒரு சின்ன விஷயம். மாஸ்டர் அந்த நாவலைப் படிக்கவில்லை. அந்த நாவலை மட்டுமல்ல, எந்த நாவலையுமே படித்ததில்லை. படித்தது அவருடைய மனைவி.

அவள் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை பார்த்தாள். பகலெல்லாம் பெரிய பெரிய மெஷின்களின் இரைச்சல். பக்கத்தில் நிற்பவளிடம் பேசுவதற்கும் கத்த வேண்டும். போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம் பஸ்ஸில் நாவல் படிப்பாள். நூலகத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு. மாலையில் சமையலறையில் நின்றுகொண்டு, பகலெல்லாம் அடக்கி வைத்த பேச்சையெல்லாம் சேர்த்து, படித்த கதையைச் சொல்வாள். கதையோடு நிறுத்த மாட்டாள். இவன் கோழை, அவள் செய்தது சரி, இந்த இடத்தில் எழுதியவருக்கே அலுத்துப்போய்விட்டது என்று அபிப்பிராயமும் சேர்ந்து வரும். மாஸ்டர் காய் நறுக்கிக்கொண்டே "ம்" என்பார். சில நாள் அதுவும் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், பயந்து நடுங்கிய ஒரு கல்லூரி மாணவியைச் சமாதானப்படுத்த முதன்முதலாக மனைவி சொன்ன கதை ஒன்றை எடுத்துவிட்டார். "நிறைய படிப்பீங்களா மாஸ்டர்?" என்று அந்தப் பெண் கேட்டாள். "ஏதோ, நேரம் கிடைக்கிறப்ப" என்று வாய் தவறி வந்துவிட்டது. வந்த சொல்லைத் திரும்ப எடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு மாஸ்டர் பெரிய படிப்பாளி என்ற பெயர் தானாகவே வளர்ந்துவிட்டது, அவரும் தடுக்கவில்லை.

மருந்துக்கடைக்காரம்மாவுக்குக் கேட் கதை ரொம்பவே பிடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் இறங்கும்போது கேட்டாள்.

"பெரியவ எதுக்கு மாஸ்டர் படார்னு கதவைச் சாத்தினா? அப்பா மேல அவ்ளோ கோவமா?"

"கோவமே இல்ல மேடம். ரயில் சத்தம் அப்பா கூப்பிடற மாதிரியே அவளுக்குக் கேக்குது. அதைக் கேட்டா போக மனசு வராது. அதான் சாத்திட்டா."

"எப்படித்தான் உங்களுக்கு இப்படியெல்லாம் தோணுதோ" என்றாள். மாஸ்டர் அடக்கமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் வினை.

சனிக்கிழமை மாலை மனைவி நூலகத்திலிருந்து வந்து பையை வைத்தாள். மாஸ்டர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"லைப்ரரியில ஒரு அம்மாவைப் பார்த்தேன். மருந்துக்கடை வச்சிருக்காங்களாம். அந்த ரயில்வே கேட் நாவலைத் தேடிட்டு இருந்தாங்க. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"ம்."

"அவங்க டிரைவிங் மாஸ்டர் அதைப் பத்தி என்னமா பேசுறாருன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாங்க. அந்தப் பொண்ணு கதவைச் சாத்தினது கோவத்துல இல்லையாம்."

மாஸ்டரின் கத்தி நின்றது.

"நீ என்ன சொன்னே?"

"நான் என்னத்தைச் சொல்றது? 'நல்ல மனுஷரா இருப்பாரு போல'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அது வந்து... அவங்களுக்குப் பயம் தெளியட்டும்னு..."

"சொன்னது தப்பில்லைங்க. ஊரெல்லாம் சொல்லுங்க, எனக்கென்ன? ஆனா கல்யாணமான நாள்லேர்ந்து நான் இங்க நின்னு பேசிட்டு இருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'இல்லம்மா, எனக்கு அப்படித் தோணலை'ன்னு நீங்க சொன்னதுண்டா? நான் செவுத்துகிட்ட பேசுறதா நினைச்சுட்டு இருந்தேன். இப்பப் பார்த்தா செவுரு வெளியில போய் அவ்ளோ பேசியிருக்கு!"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பும் பாதியில் நின்றது.

"இனிமே நீங்களே படிச்சுக்கங்க" என்றாள்.

அன்றிலிருந்து சமையலறையில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். கோபமாக இருக்கிறாள் என்றும் சொல்ல முடியாது. சாப்பாடு போட்டாள், பேசினாள், பல்பு ஃப்யூஸ் போனதைச் சொன்னாள். கதை மட்டும் இல்லை. வீட்டில் இவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே மாஸ்டருக்கு அப்போதுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் மருந்துக்கடைக்காரம்மா வண்டியைக் கிளப்பிய கையோடு கேட்டாள். "கல்யாண நாள்ல விட்டீங்க. அப்புறம்?"

மாஸ்டருக்கு அதற்கு மேல் தெரியாது. மனைவி அந்தக் கதையில் அதுவரைதான் சொல்லியிருந்தாள். அந்த அப்பாவைக் கல்நெஞ்சக்காரன் என்று திட்டிவிட்டு, ஏன் என்று சொல்லாமலே நிறுத்தியிருந்தாள். மாஸ்டர் தொண்டையைச் செருமினார். துணிந்து இறங்கினார்.

"கல்யாண மண்டபத்துல எல்லாரும் உட்கார்ந்தாச்சு. அப்பாவைக் காணோம். கடைசி நிமிஷத்துல மூச்சு வாங்க ஓடி வர்றாரு. பொண்ணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு..."

வண்டி நடுரோட்டில் நின்றது. இந்தத் தடவை பிரேக் போட்டது அவள்.

"மாஸ்டர், அவரு வரவே இல்லையே! நேத்துதான் அந்த அத்தியாயத்தைப் படிச்சேன். உங்க வாயாலயும் கேக்கலாம்னுதான் கேட்டேன்."

பின்னால் ஹாரன்கள்.

"ஸ்பீடு குறையுது மேடம், கியரை மாத்துங்க."

"வண்டி நின்னே போச்சு மாஸ்டர். நீங்க அந்த நாவலைப் படிச்சீங்களா, இல்லையா?"

மாஸ்டர் பின்பக்கக் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தார். "ஒரு இடம் பார்க்க வேண்டியிருக்கு. நீங்க முடிச்சதும் புத்தகத்தைக் குடுங்க" என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை புத்தகம் கைக்கு வந்தது. முந்நூற்று இருபது பக்கம். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே, டெஸ்ட் நடக்கிற மைதானத்தின் மதிலோரம் வண்டியை நிறுத்திவிட்டுப் படித்தார். படிப்பதற்கு ஒரு கண்ணாடி வாங்க வேண்டியிருந்தது. முதல் நாள் நான்கு பக்கம். இரண்டாம் நாள் ஏழாவது பக்கத்தில் தூங்கிப்போய், அடுத்த வகுப்புக்கு வந்த பையன் கார் ஜன்னலைத் தட்டி எழுப்பினான். மனைவி இரண்டு நிமிடத்தில் சொன்ன விஷயத்தை எழுதியவர் இருபது பக்கத்துக்கு இழுத்திருந்தது அவருக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, அந்த இழுவைக்குள்ளேயே கேட் பக்கத்து அறையின் மண்ணெண்ணெய் வாசனை தெரிய ஆரம்பித்தது. அதற்குப் பிறகு மாணவர்கள் தாமதமாக வந்தால் நல்லது என்று தோன்றியது.

பன்னிரண்டாவது நாள் கல்யாண அத்தியாயம் வந்தது. அப்பா வரவில்லை. ஆனால் அந்த அத்தியாயத்தின் நடுவில் இரண்டே இரண்டு வரி இருந்தது. மாற்று ஆள் அனுப்பச் சொல்லி அந்த மனிதர் காலையிலிருந்து மூன்று தடவை ஸ்டேஷனுக்கு போன் செய்கிறார். மூன்றாவது தடவை யாரும் எடுக்கவில்லை. கேட்டைப் பூட்டி, சட்டையை மாற்றிக்கொண்டு, அங்கேயே நின்றுகொண்டிருக்கிறார்.

மாஸ்டர் அந்த இரண்டு வரியை மறுபடி படித்தார். புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு வெளியே பார்த்தார். ஓடாமல் நிற்கிற வண்டியிலும் அவர் கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிற தன் மகள் பிறந்த அன்று எங்கே இருந்தோம் என்று ஞாபகம் வந்தது. யாரோ ஒரு கத்துக்குட்டியோடு மேம்பாலத்தின் ஏற்றத்தில், இறங்கிப் போக முடியாமல்.

அன்று மாலை சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, அந்தக் கேட்காரரு கல்நெஞ்சக்காரன்னு சொன்னியே. எனக்கு அப்படித் தோணலை."

மனைவி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். "யாரு சொன்னா உங்களுக்கு?"

"படிச்சேன்."

அவள் திரும்பினாள். கையில் புத்தகமும், நெற்றியில் ஏற்றிவிட்ட புதுக் கண்ணாடியுமாக நின்றிருந்தார்.

"பெத்த பொண்ணு கல்யாணத்துக்கு வராதவனை வேற என்னன்னு சொல்றது?"

"மூணு தடவை போன் பண்றாரு."

"அப்படியெல்லாம் இல்லை."

"இருக்கு. பாரு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நின்றபடியே படித்தாள். பக்கத்தைப் புரட்டி, திரும்பி வந்து மறுபடி படித்தாள்.

"அன்னிக்கு பஸ்ஸுல உட்கார இடமில்லை. கம்பியைப் பிடிச்சுட்டே படிச்சேன். தாண்டிப் போயிட்டேன் போலிருக்கு" என்றாள். உடனே தலையை நிமிர்த்தினாள். "ஆனாலும் அப்புறமாவது ஒரு கடிதாசி போட்டிருக்கலாம்ல?"

"போட்டிருக்கலாம்தான்."

"பார்த்தீங்களா!"

"என்னன்னு எழுதுவாரு? 'மாத்து ஆள் வரலை'ன்னா? அந்தப் பொண்ணுக்கு அது சால்ஜாப்பாத்தானே தெரியும்?"

"சால்ஜாப்புன்னு தெரிஞ்சாலும் சொல்லணுங்க. சொன்னாத்தானே தெரியும். சில பேருக்கு வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்!"

அது கேட்காரருக்குச் சொன்னதா, தனக்குச் சொன்னதா என்று மாஸ்டர் யோசிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஆளுக்கொரு துணியால் துடைத்துக்கொண்டே சண்டையைத் தொடர்ந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வகுப்பில் மருந்துக்கடைக்காரம்மா வண்டியைக் கிளப்பும் முன்பே மாஸ்டர் சொல்லிவிட்டார். "மேடம், இது வரைக்கும் நான் சொன்னதெல்லாம் என் வீட்டுக்காரம்மா சொன்னது. லைப்ரரியில உங்களுக்குப் புத்தகம் எடுத்துக் குடுத்தாங்களே, அவங்கதான்."

மருந்துக்கடைக்காரம்மா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். அதில் ஹாரன் அமுங்கி, தெருவே திரும்பிப் பார்த்தது. "அவங்களைக் கூட்டிட்டு வாங்க. இல்லைன்னா நான் ஓட்ட மாட்டேன்" என்றாள்.

மனைவிக்குப் புதன்கிழமை விடுமுறை. காலை ஏழு மணி வகுப்புக்குப் பின் இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். முதல் ஐந்து நிமிடம் மரியாதையாகப் போயிற்று. அதன் பிறகு பெண்கள் இரண்டு பேரும் நாவலில் வரும் சின்ன மகளைப் பற்றி ஆரம்பித்தார்கள். அவள் அப்பாவோடு தங்கியது பாசமா, பயமா என்று முன்னுக்கும் பின்னுக்கும் வாதம் பறந்தது. நடுவில் மாஸ்டர் "லெஃப்ட்", "ரைட்", "இண்டிகேட்டர்" என்று போட்டதெல்லாம் யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் இரண்டு லாரிகளுக்கு நடுவே இருந்த இடத்தைக் காட்டி, ரிவர்ஸில் நிறுத்தச் சொன்னார். "அவளுக்குன்னு யாரும் எதுவும் கேக்கவே இல்லைங்க, அதான் விஷயம்" என்று சொல்லிக்கொண்டே மருந்துக்கடைக்காரம்மா ஒரே வளைப்பில் வண்டியைக் கச்சிதமாகச் செருகினாள். செருகியது அவளுக்கே தெரியவில்லை. மாஸ்டர் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துக் கொஞ்சம் நீட்டிக்கொண்டார்.

முதல் டெஸ்டில் அவள் தோற்றாள். பரிசோதனை அதிகாரி ஒரு வார்த்தை பேசவில்லையாம். அந்த அமைதி தாங்காமல் வண்டி நின்றுவிட்டதாம். இரண்டாவது டெஸ்டில் மனசுக்குள்ளேயே மாஸ்டரின் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு ஓட்டிப் பாஸ் செய்துவிட்டாள்.

லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. புதன்கிழமைக் காலை மட்டும் நிற்கவில்லை. கடை திறக்கும் முன் அவள் தன் சின்னக் காரில் மாஸ்டர் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். மூன்று பேரும் அந்த வாரம் படித்ததைப் பேசுகிறார்கள். மனைவி இப்போதும் வாரத்துக்கு இரண்டு நாவல். மாஸ்டர் இந்த இரண்டு வருடத்தில் ஒன்பது. வகுப்பில் இப்போதும் கதை உண்டு. "வீட்ல இப்படிச் சொல்றாங்க, எனக்கு வேற மாதிரி தோணுது, நீங்க எப்படி நினைக்கிறீங்க?" என்று கேட்கிறார். அப்படிக் கேட்டால் மாணவர்கள் இன்னும் ஒழுங்காக ஓட்டுகிறார்கள் என்பது அவர் கட்சி.

போன புதன்கிழமை அச்சகம் நடத்தும் இரண்டு நண்பர்களைப் பற்றிய ஒரு தடிமனான நாவலுக்காகப் பெரிய ரகளை. அச்சில் விட்டுப்போன ஒரே ஒரு எழுத்துக்காக அந்த நண்பர்கள் பத்து வருடம் பேசாமல் இருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரம்மா முப்பதாம் பக்கத்தில் மூடிவிட்டாள். மனைவி நாற்பதில்.

"தூக்க மாத்திரைக்குப் பதிலா இதைக் குடுக்கலாம்" என்றாள் மருந்துக்கடைக்காரம்மா.

"எழுபது வரைக்கும் போங்க. அதுக்கப்புறம் பிடிக்கலைன்னா என்னைக் கேளுங்க" என்றார் மாஸ்டர். இருவரும் சிரித்தார்கள். அவர் விடுவதாக இல்லை. ஒரு மனுஷன் மன்னிப்புக் கேட்க எவ்வளவு காலம் எடுத்துக்கொள்வான், அதற்கு இத்தனை பக்கம் வேண்டாமா என்று வாதாடினார். கடை திறக்க நேரமாகி அவள் கிளம்பியதும், மனைவி கையை நீட்டினாள்.

"குடுங்க. எழுபதுன்னா எழுபதுதான். அதுக்கு மேல ஒரு பக்கம் கிடையாது."

ஜன்னலோரம் உட்கார்ந்து, தான் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்தாள். மாஸ்டர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்தார்.

"இப்படி வெறிச்சுப் பார்த்தா நான் எப்படிங்க படிக்கிறது?"

"எந்தப் பக்கம்?"

"நாப்பத்தொண்ணு. எழுந்து போய் டீ போடுங்க."

மாஸ்டர் எழுந்து போனார். அவர் இரண்டு கோப்பையோடு திரும்பி வந்தபோது அவள் நிமிர்ந்து பார்க்காமலே ஒரு கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். மற்ற கை பக்கத்தைத் திருப்பியது.