நாலு மணி மேளம்

"பெயர்: ஒடோய் நார்ட்டே. பதவி: ஒலித் தடைக் கண்காணிப்புக் குழு உறுப்பினர். தகுதி: அமைதியான சுபாவம், கூர்மையான செவி, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நடத்தை."

ஊர்ச் சபை அச்சடித்துக் கொடுத்த அட்டையில் இப்படித்தான் இருந்தது. நீல நாடாவில் கோத்து அதை அவர் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பெயர் மட்டும் சரி. மனிதர் பஸ் நிலையத்தில் கூவி ஆள் சேர்ப்பவர். இருபத்திரண்டு வருஷமாக "அக்ரா, அக்ரா, அக்ரா" என்று தலைநகர் பஸ்ஸுக்கு அவர் கூவுவது கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். வண்டி ஹாரன்களுக்கு நடுவிலேயே வாழ்ந்ததில் இடது காது போய் ஏழு வருஷமாகிறது. வலது காதும் போகிற யோசனையில் இருந்தது. அவரைக் குழுவில் சேர்த்தது குழுத் தலைவர் லாம்ப்டே, ஓய்வு பெற்ற போலீஸ்காரர். ஊரிலேயே அதிகச் சத்தம் போடுகிறவனைப் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது அவருடைய தர்க்கம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிற என்னால்கூட அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் ஒடோய்க்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு சுவர், அதுவும் பலகைச் சுவர்.

பூசாரிகள் விதைச் சோளத்தை ஊன்றிய நாளிலிருந்து முப்பது நாளைக்கு எங்கள் ஊரில் மேளம் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, தேவாலயத்துக் கைதட்டல்கூட வாசலைத் தாண்டி வரக் கூடாது. மண்ணுக்குள் இருப்பது நிம்மதியாக முளைக்கட்டும் என்று ஏற்பாடு. கடல் மட்டும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. முதல் வாரம் நன்றாகத் தூக்கம் வரும். இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டுக் கரண்டி சட்டியைத் தொடுவது கேட்க ஆரம்பிக்கும். அப்போதுதான், மண்ணுக்குள் நாம் போட்டது சோளம் மட்டுமல்ல என்பது ஞாபகத்துக்கு வரும்.

ஒடோய் வீட்டில் அந்த வருஷம் அது யாருக்கும் மறந்திருக்கவில்லை. அவருக்கு இரட்டைப் பிள்ளைகள், ஓகோவும் அக்வேலேயும். ஒன்பது வயது. ஓகோவுக்குக் கோமே என்கிற பெட்டி மேளம். அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து, கையால் அடித்து, குதிகாலைப் பலகையில் அழுத்திச் சத்தத்தை ஏற்றி இறக்க வேண்டும். கால் எட்டாமல் அவன் பாதி வழுக்கிக்கொண்டே அடிப்பான். அக்வேலேக்கு இரும்பு மணியும் ஒரு குச்சியும். சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆரம்பித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் நான் திருத்திய விடைத்தாள்களில் பிழைகள் அதிகம்.

ஜனவரியில் ஓகோ மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். இரட்டையரில் ஒன்று செத்தால் மற்றதன் காதில் படும்படி "செத்தான்" என்று நாங்கள் சொல்ல மாட்டோம். வெளியே போயிருக்கிறான் என்போம். அவன் அம்மா அயேலே ஒரு படி மேலே போய், "கிழங்கு நாளுக்கு வந்துடுவான்" என்று சொல்லிவிட்டாள். ஆகஸ்டில், அறுவடை விழாவின் பெரிய விருந்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, இரட்டையருக்கு வெள்ளை உடுத்தி முட்டையும் கிழங்கு மசியலும் ஊட்டுகிற நாள் அது. எல்லாரும் வீட்டுக்கு வருகிற நாள்.

அக்வேலே மணியை ஆணியில் மாட்டினாள். வானொலி பாடினால் எழுந்து வெளியே போனாள். பாட்டு வகுப்பில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பாடும் குறைந்தது. நாலு மாதம் இப்படியே போனது. தடை வந்து ஊரே வாயை மூடியபோது, எங்கள் தெருவில் அதனால் சத்தம் குறையாத வீடு ஒடோய் வீடுதான். அங்கே குறைவதற்கு எதுவும் மிச்சமில்லை.

இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை, நாலு மணிக்கு அங்கே மேளம் கேட்டது.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அலை பாறையில் மோதுகிறது என்று முடிவு செய்தேன். புதன்கிழமையும் அலை அதே தாளத்தில், நடுவில் ஒரு தரம் வழுக்கி மறுபடி பிடித்துக்கொண்டு, மோதியது. வியாழக்கிழமையிலிருந்து மூன்றே முக்காலுக்குக் கடைத்தெருப் பக்கம் நடந்துவிட்டு வருகிற நல்ல பழக்கம் எனக்கு ஏற்பட்டது.

லாம்ப்டேக்குப் புகார் போயிற்று. ஒரு நாள் ஐந்து மணிக்கு மேல் இரண்டு ஆட்களோடு வந்தார். நானும் கூடப் போனேன். சாட்சி என்று சொல்லிக்கொண்டேன்.

"ஏம்ப்பா ஒடோய், உன் வீட்டுலயே மேளம் அடிக்குதாமே" என்றார் லாம்ப்டே.

"யார் சொன்னது?"

"தெருவே சொல்லுது."

"எனக்குக் கேக்கலையே."

"உனக்கு எதுதான் கேட்டிருக்கு? அட்டையில கூர்மையான செவின்னு எழுதினவனைத்தான் உதைக்கணும்."

"அதை எழுதினது நீங்கதாண்ணே."

உள்ளறையில் பெட்டி மேளம் மூலையில் இருந்தது. அதன் மேல் ஓகோவின் சட்டைகளை அயேலே மடித்து அடுக்கி வைத்திருந்தாள். ஜனவரியில் வைத்தது. ஒரு மடிப்பு கலையவில்லை, தூசிகூட அப்படியே படிந்திருந்தது. மேளத்துக்கு எதிரே தரையில் அக்வேலே. மடியில் மணி. மணியைச் சுற்றி ஒரு பழைய துண்டு, மூன்று சுற்று. குச்சியால் அதைத் தட்டிக்கொண்டிருந்தாள். பல்லி நடக்கிற அளவுக்குத்தான் சத்தம்.

"என்னம்மா பண்றே?" என்றார் லாம்ப்டே.

"பழகுறேன், தாத்தா."

"துணி எதுக்கு?"

"தடை இல்லையா? சத்தம் வெளிய போகக் கூடாதுல்ல."

ஊரில் தடையை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும். லாம்ப்டே மூலையில் இருந்த பெட்டியைக் காட்டினார்.

"அப்ப மேளம் அடிக்கிறது யாரு?"

"நான் இல்ல. மேளம் அவனோடது."

லாம்ப்டே தொப்பியைக் கழற்றினார். பிறகு, கழற்றியது தப்போ என்று மறுபடி மாட்டிக்கொண்டார். மேளத்தைப் பறிமுதல் செய்வதாக அறிவித்தார். அயேலே சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். ஆட்கள் இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சபை அலுவலகத்துப் பின்னறையில், பிடிபட்ட ஒலிபெருக்கிகளுக்கும் ஒரு போதகர் கையில் பிடித்துப் பேசும் குழலுக்கும் நடுவில் வைத்துப் பூட்டினார்கள்.

மறுநாள் நாலு மணிக்கு ஒடோய் வீட்டில் சத்தமில்லை. நாலேகாலுக்குச் சபையில் எழுத்தராக இருக்கிற பெண்மணி லாம்ப்டே வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, பூட்டு பூட்டினபடிதான் இருக்கு. உள்ள அடிக்கிறாங்க."

"யாரு?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன். சாவி உங்ககிட்ட இருக்கு. நான் வீட்டுக்குப் போறேன்."

ஊரில் சத்தத்தை நிறுத்துவதற்கென்று இருந்த ஒரே அலுவலகம், சத்தம் வருகிற ஒரே அலுவலகமாகிவிட்டது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலையில் மேளம் ஒடோய் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

"இது என் அதிகாரத்துக்குள்ள வராது" என்றார் லாம்ப்டே. மனிதர் வாழ்நாளில் அப்படிச் சொன்னது அதுவே முதல் தரம்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. மத்தியானம் கணவனும் மனைவியும் பேசியது பலகைச் சுவர் வழியாக எனக்குக் கேட்டது. அயேலே கிசுகிசுத்தாள். ஒடோய்க்குக் கேட்க வேண்டும் என்பதால் அந்தக் கிசுகிசுப்பு தெருமுனை வரை போயிருக்கும்.

"அவ கூப்பிடுறா, ஓகோ அப்பா. கூப்பிட்டா வருவான். வந்தவன் தனியாவா திரும்பிப் போவான்? அந்த மணியைக் கொண்டுபோய்க் கழிமுகத்துல போட்டுட்டு வா."

"மணி எடுத்தப்புறம்தான் அவ சாப்பிடுறா. நேத்து ரெண்டு மீன் தின்னா. பிடுங்கினா மறுபடியும் ஜனவரிதான்."

"செத்த பிள்ளை மேளம் அடிக்கிறான். நீ மீன் கணக்கு சொல்றே."

"எல்லாருக்கும் கேக்குது. எனக்கு மட்டும் கேக்கல" என்றார் ஒடோய். "நான் அவன் அப்பன்."

பிறகு அவர் மகளைக் கூப்பிட்டு, எதற்காகப் பழகுகிறாய் என்று கேட்டார். அவள் அவருடைய வலது பக்கம் வந்து நின்று சொன்னாள்.

"கிழங்கு நாளைக்கு அவன் வர்றான்ல? அதுக்குள்ள கை பழகணும். இல்லன்னா திட்டுவான். அவனும் பழகுறான்ப்பா. முன்னைக்கு இப்ப நல்லா அடிக்கிறான்."

ஒடோய்க்கு அப்போதுதான் கணக்குப் புரிந்திருக்க வேண்டும். கிழங்கு நாளுக்கு ஓகோ வராவிட்டால் மணி மறுபடி ஆணிக்குப் போகும், இந்தத் தடவை நிரந்தரமாக. வந்துவிட்டாலோ, அயேலே பயந்தபடி அவளையும் கூட்டிக்கொண்டு போவான்.

அன்று நான் கடைத்தெருவுக்குப் போகவில்லை. தைரியம் என்று சொல்ல முடியாது, மிச்சத்தையும் கேட்கிற ஆசைதான். பலகைச் சுவரில் ஒரு கணு விழுந்த ஓட்டை உண்டு. அதன் வழியாகப் பார்த்தேன்.

நாலு மணிக்கு அக்வேலே துண்டு சுற்றிய மணியைத் தட்ட ஆரம்பித்தாள். மூன்று தட்டு முடிவதற்குள் மேளம் சேர்ந்துகொண்டது. அறையில் மேளத்தின் பக்கத்தில் யாருமில்லை. அயேலே சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஒடோய் அவள் முகத்தைப் பார்த்தார், மகள் முகத்தைப் பார்த்தார், மேளம் அடிக்கிறது என்று தெரிந்துகொண்டார். நேராகப் போய் அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். கழுத்தில் அட்டை ஆடியது.

மேளம் நிற்கவில்லை. அவர் மட்டும் சட்டென்று நிமிர்ந்தார்.

"கீழேருந்து வருது. எலும்புல தெரியுது" என்றார்.

இருபத்திரண்டு வருஷமாகக் கூவிய தொண்டை அது. அடுத்ததை அவர் சொன்னபோது சுவர் ஓட்டையில் காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அக்வேலே, ஓகோ வெளிய போகல. செத்துப்போயிட்டான். கிழங்கு நாளைக்கு வரமாட்டான்."

அயேலே வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லக் கூடாததைச் சொல்லியாகிவிட்டது. குச்சி அந்தரத்தில் நின்றது. மேளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப இது யாருப்பா?"

"தெரியல. அவனாவும் இருக்கலாம்." ஒடோய் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார். "அவனா இருந்தா, இத்தனை நாளா தனியா அடிச்சுட்டு இருக்கான். களைச்சிருப்பான். இனிமே நான் அடிக்கிறேன். நீ துணியை அவிழ்."

"தடை இருக்கேப்பா."

"தெரியும். அட்டை என் கழுத்துலதான தொங்குது."

அவள் துண்டை அவிழ்த்தாள். மூன்று சுற்று. பதினாறு நாள் மௌனத்துக்குப் பிறகு வெறும் இரும்பு அடிபடுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தெருநாய்கள் எழுந்து நின்றன. ஒடோய் அடித்தார். தாளம் என்பது அவர் பரம்பரையிலேயே ஓகோவோடு வந்து ஓகோவோடு போன ஒன்று.

"பிந்துறப்பா. எண்ணு."

"எண்ணிட்டுதான் இருக்கேன்."

"வாயால எண்ணாத. குதிகாலால எண்ணு."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஓட்டை வழியாகத் தெரியவில்லை. எனக்கு மூன்று சத்தம் கேட்டது. மணி ஒன்று. மோசமான மேளம் ஒன்று. அதற்கு அடியில், வழுக்காத நல்ல மேளம் ஒன்று. கொஞ்ச நேரம் அது கூடவே வந்தது. பிறகு மெதுவானது. வண்டியில் வயதானவருக்கு இடம் விட்டு எழுந்துகொள்கிற பிள்ளைபோல நின்றுவிட்டது. அதற்கப்புறம் கேட்டதெல்லாம் மோசமான மேளம்தான்.

ஆகஸ்டில் விழா வந்தது. வியாழக்கிழமை சொந்தக்காரர்கள் சோள மூட்டைகளோடு வந்து இறங்கினார்கள். வெள்ளிக்கிழமை அக்வேலே வெள்ளை உடுத்திக் கிழங்கு தின்றுவிட்டு, தெரு நடுவில் நின்று மணி அடித்தாள். பின்னால் அவள் அப்பா பெட்டிமேல் உட்கார்ந்து பிந்திக்கொண்டே வந்தார். விருந்துக்கு மறுநாள் விடியற்காலையில், செத்தவர்களுக்காக ஊரே வாசலில் நின்று அழுகிற நேரத்தில், ஓகோ பேரைச் சொல்லி அவள் முதல் தடவையாக அழுதாள். அழுது முடித்ததும் பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் ஊதுகொம்புக்கு இடம் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள். என் விடைத்தாள்களை நினைத்துக்கொண்டு, இருக்கிறது என்றேன்.

சபையின் பதிவேட்டில் ஒடோயைப் பற்றி ஒரே வரிதான் உண்டு: "நடத்தைக் குறைவால் நீக்கம்." அவர் செய்தது இது. தடைக்காலத்தின் பதினேழாம் நாள் மாலை நாலு மணிக்கு, தன் வீட்டில், மகளோடு சேர்ந்து கால் மணி நேரம் மேளம் அடித்தார். அடித்து முடித்ததும் அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு லாம்ப்டேயிடம் போய்த் தன் மேல் தானே புகார் கொடுத்தார். அபராதமாகச் சபைக்கு ஓர் ஆட்டைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, நடந்தே வீட்டுக்கு வந்தார்.