எனக்கு மிஞ்சிய முப்பது விநாடி

எங்கள் சமுதாய வானொலியில் மாலை ஆறு மணி என்னுடையதாக இருந்தது. தக்காளி விலை, பேருந்து நேரம், கேட்டவர்களுக்குப் பாட்டு என்று நாலு வருடம் நானே பேசினேன். பிறகு சென்னையில் தயாராகும் நிகழ்ச்சி வரத் தொடங்கியது. பல ஊர் நிலையங்களுக்கும் ஒரே பதிவுதான். மதியம் மின்னஞ்சலில் லிங்க் வரும். அதை இறக்கி, நடுவில் காலியாக விட்டிருக்கும் முப்பது விநாடியில் உள்ளூர் அறிவிப்பை நான் பேசிச் சேர்க்க வேண்டும். மீதி நேரமெல்லாம் சென்னையிலிருந்து நிகழ்ச்சியை நடத்தும் பெண்ணின் பேச்சு.

அவள் குரல் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல். ஊர்ப்பெயர் எதையும் சொல்ல மாட்டாள். சொன்னால் மற்ற ஊர்களுக்குப் பொருந்தாதே. "உங்க ஊர்ல இப்ப மேகமூட்டமா இருக்குல்ல?" என்பாள். பாப்பாரப்பட்டியிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். "அந்தப் பொண்ணு நம்ம பக்கந்தானுங்களே? இப்பத்தான் இங்க மூட்டம் போடுது, கரெக்டா சொல்லுச்சுங்க." அது போன வாரமே பதிவு செய்தது என்பது நுனிநாக்கு வரை வந்தது. "ஆமாங்க" என்று வைத்துவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பொறுப்பாளரிடம், "ஃபைல் டவுன்லோட் ஆகலீங்க சார்" என்றேன். ஃபைல் என் கணினியில் பத்திரமாக இருந்தது.

"அப்ப நீங்களே பேசிருங்க" என்றார்.

இதற்குத்தானே காத்திருந்தேன்! முழுதாக ஒரு மணி நேரம் பேசினேன். இண்டூர்ப் பக்கம் சாமந்தி பறிப்பவர்களுக்கென்று ஒரு பாட்டுகூடப் போட்டேன். அவளால் முடியுமா இது? கால் மணி நேரத்திலேயே வெளியறையில் போன் அடிக்க ஆரம்பித்து நிற்கவே இல்லை. கண்ணாடி வழியே போனின் சின்ன விளக்கு மினுக்குவதைப் பார்த்துப் பூரித்துப் போனேன்.

ஏழு மணிக்கு ஓடிப்போய் எடுத்தேன். அழைத்தவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். "அந்தப் பொண்ணு வரலீங்களா? ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்காங்க, நாளைக்கு வந்துருவாங்க" என்று நானே அவளுக்காகச் சமாதானம் சொன்னேன்.

கடைசியாக என் அம்மா.

"நீ பேசுனத கேட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு. ஏம்மா, அந்தப் புள்ளைக்கு என்னாச்சு? வந்தா நான் விசாரிச்சேன்னு சொல்லு."

"சரிம்மா, சொல்றேன்" என்றேன்.