ஆடி மாதத்து வால்ட்ஸ்

பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து என்னை இரவல் கேட்டபோது எனக்கு எட்டு வயது. உறைமோர் கேட்க வருகிற மாதிரிதான் சமையலறை வாசலில் வந்து நின்றார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவருடைய மகன் என்னைவிட ஒரு வயது பெரியவன், தெருவில் என்னோடு சைக்கிள் விடுகிறவன்.

"ஏனுங்க, உங்க அம்மணியச் சாயங்காலம் ஒரு மணி நேரம் அனுப்பி வெக்கறீங்களா? பையன டான்ஸ் கிளாஸ்ல சேத்திருக்கறனுங்க. ஜோடி இல்லாம அந்த டான்ஸ் ஆட முடியாதாமுங்க."

"கிறிஸ்மஸ் புரோகிராமுக்குங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"அப்படித்தான் வெச்சுக்கங்களேன்."

டிசம்பரோடு முடிந்துவிடும் என்று நினைத்து அம்மா தலையாட்டினாள். இப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. அதே பையனோடுதான் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

கிளாஸ், ராமநாதபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் நடந்தது. பெங்களூரில் இருந்து திரும்பி வந்த ஒரு கணவனும் மனைவியும் பால்ரூம் நடனம் கற்றுக்கொடுத்தார்கள். ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று, ஒரு கையைக் கோத்து, மறு கையை மற்றவர் தோளிலும் முதுகிலும் வைத்து, அந்தப் பிடி கலையாமல் தரை முழுக்கச் சுற்றி வரவேண்டும். அவன் உள்ளங்கை எப்போதும் வேர்த்திருக்கும். அவன் கைக்குட்டையில் துடைப்பான், நான் பாவாடையில் துடைப்பேன். இதில் பெண்ணுக்குப் பாதி நேரம் பின்னோக்கிய நடைதான். திரும்பிப் பார்க்கவும் கூடாது. முதல் வாரம் பயந்து பயந்து காலை வைத்தேன். இரண்டாவது வாரம் ஒரு நாள், எதன்மீதும் முட்டாமல் அந்த ஹாலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பின்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டேன். மிதந்து வந்த மாதிரி இருந்தது. கீழேயிருந்து பன் வேகும் வாசனை வந்துகொண்டிருந்தது. அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போயிற்று.

முதல் போட்டி பெங்களூரில். அவனுடைய கோட்டின் முதுகில் எண் குத்தியிருந்தார்கள். ஆடி முடித்ததும் எங்கள் இருவர் கழுத்திலும் மெடல் போட்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று தெரு முழுக்கச் சொன்னோம், அப்பா பட்டறையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். வந்திருந்த எல்லாக் குழந்தைகளுக்கும் மெடல் போட்டார்கள் என்பதும், நாங்கள்தான் கடைசி என்பதும் ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் நிஜமாகவே ஜெயிக்க ஆரம்பித்திருந்தோம்.

அப்பா பம்ப் மோட்டாருக்கு உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். எங்கள் சொந்த ஊர் கொடுமுடிப் பக்கம். அங்கே மஞ்சளும் வாழையும் போட்டு, குடும்பத்தில் எல்லோருக்கும் மூத்தவராக இருந்தவர் பெரியப்பா. நான் பெரியவளானபோது சீர் முடிந்த கையோடு அவர் அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"போதுந் தம்பி. இன்னொரு ஊட்டுப் பையன் தோள்ல கை போட்டு ஆடறது இனி நல்லாவா இருக்கும்? நாலு பேரு பேசமாட்டாங்களா?"

அப்பா சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் மெதுவாகத்தான் சொன்னார். "அண்ணா, நிறுத்தறேன்னு அவ சொன்னா நிறுத்திப்போடலாமுங்க. நானாச் சொல்லமாட்டனுங்க."

அதற்குப் பிறகு பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், நாங்கள் ஆடிப் பழகிய இடமே பெரியப்பாவுடையதுதான். கோவையில் அவருக்கு ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. சாவி அப்பாவிடம் இருக்கும், நாங்கள் அங்கே ஆடுவது பெரியப்பாவுக்குத் தெரியாது. பேக்கரி மாடியில் நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது என்பதால் அந்தப் பெரிய ஹால் காலியாகக் கிடக்கும். நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டு, மணமேடைமேல் ஸ்பீக்கரை வைத்து, காலை ஆறு மணிக்கு, சுழன்று சுழன்று போகிற பால்ரூம் ஆட்டமான வால்ட்ஸ் ஆடுவோம். ஊரெல்லாம் ஆடித் தள்ளுபடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கும்போது எங்களுக்கு அது நிஜமாகவே ஆடும் மாதம்.

பதினான்கு வயதில் நான் சட்டென்று வளர்ந்துவிட்டேன். அவன் வளரவில்லை. என் தோளுக்குக் கீழே அவன் தலை இருந்தது. ஜோடியாக நின்றாலே பார்ப்பவர்கள் சிரித்தார்கள். போன இடமெல்லாம் முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம். சென்னையில் ஒரு நடுவர், எனக்கு ஜோடியாக உயரமான பையன் ஒருவனைக் காட்டி எங்கள் டான்ஸ் மாஸ்டரிடம் பேசிவிட்டும் போனார்.

திரும்பி வரும் ரயிலில் அவனே ஆரம்பித்தான். "நீ அவன்கூடப் போயிரு. எனக்கொண்ணும் வருத்தமில்ல."

"வருத்தமில்லாதவன் எதுக்கு ஜன்னலப் பாத்துட்டுப் பேசற?"

அவன் திரும்பவில்லை.

"நான் போகல," என்றேன். "நீ வளருவ. வளரலைன்னா நான் குனிஞ்சுக்கறேன்."

குனிந்தால் பால்ரூமில் மதிப்பெண் போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும். இருந்தாலும் அவன் சிரித்தான்.

மூன்று வருடம் தோற்றோம். அந்த மூன்று வருடத்தில் வேறு வழியில்லாமல் காலைச் சுத்தமாக்கினோம். கண்ணுக்கு அழகாக இருக்க முடியாது, தப்பில்லாமலாவது இருப்போம் என்று பிடிவாதம். பிறகு பதினெட்டு வயதில், எல்லோரும் கைவிட்ட பிறகு, அவன் ஒரே வருடத்தில் தென்னங்கன்று மாதிரி எழுந்தான். என்னைத் தாண்டிவிட்டான். புதுக் கால்களை வைத்துக்கொண்டு அவன் திண்டாட, நான் திட்ட, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம்.

அப்படித் தொடங்கிய ஆடி மாதத்தில்தான் பெரியப்பா சொல்லாமல் வந்து நின்றார். வெள்ளையடிக்க ஆட்கள் வந்திருக்கிறார்களா என்று பார்க்க வந்தவர், மண்டபக் கதவைத் திறந்தால் உள்ளே நாங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிடியை விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஆடிக்கொண்டே இருந்தோம். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்னொரு பாட்டு, அதற்கடுத்த பாட்டு. நிறுத்தியபோது எனக்கு மூச்சு வாங்கியது, பாதி ஆட்டத்தினால், பாதி பயத்தினால்.

"ஏனம்மணி," என்றார். "கையப் புடிச்சுக்கறதுதான் இந்த ஆட்டம்னு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன். கை வெச்ச எடத்த விட்டு அசையவே மாட்டீங்குது. காலுதான அத்தன வேலையும் செய்யுது?"

"ஆமாங்க பெரியப்பா."

"இதுல செயிச்சா என்ன குடுப்பாங்க?"

"கப்பு குடுப்பாங்க. இந்தியாவுக்காக வெளிநாட்டுல போய் ஆடலாமுங்க."

அவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அவனைப் பார்த்துச் சொன்னார். "நல்லா சாப்புடு கண்ணு. எளச்சுப்போயிருக்கற."

எனக்கு இருபது வயதில் தேசியப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்தோம். மறுபடி பெங்களூர். என் கவுனுக்கு அம்மாவும் அவன் அம்மாவும் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, சீரியல் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு கல்லாகப் பசை தொட்டு ஒட்டியிருந்தார்கள். ஒப்பணக்கார வீதி டெய்லர் ஒருவர், படத்தைப் பார்த்து அவனுக்கு வால் வைத்த கோட்டு தைத்துக் கொடுத்தார்.

ஆறு ஜோடிகள் தரையில் இறங்கினோம். பார்வையாளர் பக்கம் கோட்டும் சூட்டுமாக இருந்தது. கதவு திறந்தது. பெரியப்பா உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் வெள்ளை வேட்டிகள், பட்டுச் சேலைகள், ஒரு வேன் நிறைய எங்கள் ஊர் ஜனம். இரண்டு வரிசையை நிரப்பி உட்கார்ந்தார்கள்.

முதல் ஆட்டமான வால்ட்ஸ் நன்றாக அமைந்தது. அடுத்து ஆடிய டாங்கோவில் ஒரு ஜோடி எங்கள்மேல் மோத வந்தது. அவன் என்னைக் கடைசி நொடியில் வேறு பக்கம் திருப்பினான், நான் யோசிக்காமல் போனேன். அப்போது பெரியப்பாவின் குரல் கேட்டது, ஊர் ரேக்ளா பந்தயத்தில் மாட்டுவண்டி எல்லைக்கோட்டைத் தொடும்போது கத்துவாரே, அதே குரல்.

"உடாத அம்மணி! உடாத!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. இரண்டு வரிசையும் சேர்ந்து கத்தியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்துவிட்டது, முதுகில் இருந்த கையில் அதை உணர்ந்தேன். டாங்கோவில் சிரிக்கக் கூடாது, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினோம். கடைசி ஆட்டமான குவிக்ஸ்டெப்பில் ஓடலாம், குதிக்கலாம், சிரிக்கலாம். அதற்குள் சூட்டு போட்டவர்களும் எங்கள் ஊர்க்காரர்களோடு சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு என் கால் தரையில் பட்டதாகவே எனக்கு ஞாபகமில்லை.

முடிவை ஆறாவது இடத்திலிருந்து அறிவித்தார்கள். மூன்றாவது, எங்கள் எண் இல்லை. இரண்டாவது, எங்கள் எண் இல்லை. மிச்சமிருப்பது நாங்கள்தான் என்று புரிந்ததும் அவன் வால் கோட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நான்தான் கையைப் பிடித்துத் தூக்கினேன். அப்பா எழுந்து நின்று, கைதட்டக்கூட முடியாமல், இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்து வைத்திருந்தார்.

திரும்பும் வழியில் எங்களையும் வேனிலேயே ஏற்றிக்கொண்டார்கள். ஓசூர் தாண்டியதும் பெரியப்பா முன் சீட்டிலிருந்து திரும்பினார். ரொம்ப நேரம் மனதில் வைத்திருந்து கேட்கிறார் என்று தெரிந்தது.

"ஏனம்மணி, ரெண்டு பேருக்கும் மனசுல ஏதாச்சும் இருக்குதா? இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க. நான் ஒண்ணுஞ் சொல்லமாட்டேன்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். "ஐயோ, வேணாமுங்க பெரியப்பா! காலைல ஆறு மணிக்கு இவன் மூஞ்சியப் பாக்கறதே எனக்குப் போதுமுங்க."

பெரியப்பா விட்ட பெருமூச்சு வேனின் கடைசி சீட்டு வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு ஆறு முறை தேசியப் பட்டம் வாங்கினோம். பாங்காக்கிலும் சிங்கப்பூரிலும் ஆடினோம். உடுமலைப்பேட்டையில் தேங்காய் வியாபாரம் செய்யும் குடும்பத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் ஆடுவேன் என்று சொன்னேன்.

"யாரோடங்க?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

பஜ்ஜித் தட்டோடு நின்றுகொண்டிருந்தவனைக் காட்டினேன். மாப்பிள்ளை ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். "என்னை ஆடச் சொல்லாம இருந்தீங்கன்னா எனக்குச் சம்மதமுங்க."

மகள் பிறந்தபோது இரண்டு வருடம் ஆடாமல் இருந்தேன். அவனுக்கும் அப்போது கல்யாணமாகியிருந்தது. இரண்டு மூன்று பெண்கள் அவனைத் தங்களுக்கு ஜோடியாக ஆட வரச்சொல்லிக் கேட்டார்கள். வேண்டாமென்று சொல்லிவிட்டு, வெறுங்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தனியாகவே பழகினானாம். அவன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். திரும்பி வந்தபோது பாதிப் பாட்டில் எனக்கு மூச்சு நின்றது. அடுத்த மாதம் முக்கால் பாட்டு. பிறகு முழுப் பாட்டு.

போன வருடம் மறுபடி தேசியப் போட்டிக்குப் போனோம். மேக்கப் அறையில் பத்தொன்பது இருபது வயதிருக்கும் ஒரு பெண், கோவைக்காரிதான், மரியாதையாக நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

"நீங்க கோச்சுங்களாக்கா?"

"இல்ல கண்ணு. ஆடறதுக்கு வந்திருக்கேன்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தரைக்குப் போனேன். அவள் நன்றாக ஆடினாள், பயப்படும்படி ஆடினாள். நாங்கள் அதைவிட நன்றாக ஆடினோம். முதல் பரிசு எங்களுக்கு, இரண்டாவது அவளுக்கு.

படம் எடுத்து முடித்ததும் அவள் என்னைக் கட்டிப்பிடித்துக் காதில் சொன்னாள். "அடுத்த வருசம் உங்கள அடிச்சுப்போடுவனுங்க்கா."

"வா கண்ணு," என்றேன். "நானும் வாரேன்."